டாக்டர் சொன்னதில் நான் விட்டது

என் மன்னி செய்யாத ஒரு குற்றத்தை நான்கு வருஷம் சுமந்தாள். அவள் செய்யவில்லை என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நான்கு வருஷம் கழித்துச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

அண்ணாவும் மன்னியும் இப்போது இல்லை. மன்னி இருந்து இதைப் படித்தால், இதிலும் எதையாவது விட்டிருக்கிறேனா என்றுதான் முதலில் தேடுவாள். அதனால் விடாமல் எழுதப் பார்க்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்களுடையது பெருமாளை எழுந்தருளப் பண்ணும் குடும்பம். உற்சவத்தில் பெருமாள் வீதிக்கு வரும்போது பல்லக்கின் தண்டைத் தோளில் தாங்குகிறவர்கள். ஸ்ரீபாதம் தாங்குவது என்று சொல்வார்கள். அப்பாவுக்குப் பிறகு அண்ணா தாங்கினார். எனக்குக் கணக்கு வந்தது, தோள் வரவில்லை. படித்துவிட்டுத் திருச்சியில் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். காலையில் பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டிப் போய், சாயங்காலம் அதே பாலத்தில் திரும்பி வருவேன். வீடு ஒன்றுதான்; அண்ணா, மன்னி, நான். மன்னி அந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அவளுக்குப் பதினேழு.

தாங்குவது சும்மா தூக்கிக்கொண்டு போவது இல்லை. முன்னால் இருக்கிறவரின் முழங்கால் மடங்கும்போது பின்னால் இருக்கிறவரின் முழங்காலும் மடங்க வேண்டும். ஒருவர் அரை அடி பிசகினால் மேலே குடை ஆடிவிடும். அண்ணா பதினெட்டு வருஷம் பிசகாமல் நடந்தவர். வலது தோளில் தண்டு உட்கார்ந்து உட்கார்ந்து உள்ளங்கை அகலத்துக்குக் காய்த்துப்போயிருக்கும். சட்டை போடாதவர் ஆனபடியால் அது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் அது தெரிவதில் ஆட்சேபணை இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் அவருடைய திருமண் கோணலாயிற்று. அதுதான் முதல் அடையாளம். தினமும் காலையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நெற்றியில் இட்டுக்கொள்வது. கண்ணை மூடிக்கொண்டும் நேராக இடக்கூடியவர். மன்னிதான் கவனித்தாள்.

“ஏன்னா, சிவப்புக் கோடு மூக்குக்கு ஒரு பக்கமா சாஞ்சிருக்கே.”

“கண்ணாடி மட்டம்.”

“நேத்திக்கும் சாஞ்சுதான் இருந்தது.”

“அப்போ மூக்கு மட்டம். போய்த் தளிகையைப் பாரு.”

அப்புறம் விரல்களால் பூணூல் சிக்கலைப் பிரிக்க முடியவில்லை. சில்லறை எடுத்தால் கீழே விழுந்தது. தரை பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். ஒரு புறப்பாட்டில் உத்தர வீதி முனையில் திரும்பும்போது கால் தடுக்கிவிட்டது. பெருமாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளைக் கொடுத்துச் சமாளித்துவிட்டார். மண்டபத்தில் இறக்கியதும் அந்தத் தோள் கொடுத்தவர் கேட்டது வாசல்வரை எட்டியது.

“என்ன ஓய், புளியோதரை ஜாஸ்தியோ? கால் உம்மைக் கேக்காம தனியா போறதே?”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

பிறகு ஒரு வருஷம் வீணாயிற்று. அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. தைலம் தேய்த்தார்கள். வாய்வு என்றார்கள். ஒருவர் வந்து அண்ணாவின் தாடையையும் பிடரியையும் பிடித்துப் படக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுத்தார். “கேட்டுதோ? விட்டுது பாருங்கோ” என்றார். விட்டது கழுத்துப் பிடிப்பு இல்லை, மிச்சமிருந்த நடை. அடுத்த வாரம் அண்ணா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்போதுதான் டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டார்.

திருச்சிக் கண்டோன்மெண்டில் ஒரு கிளினிக்குக்கு மதராஸிலிருந்து நரம்பு அறுவை நிபுணர் ஒருவர் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வருவார். மூன்று பேரும் போனோம். டாக்டர் அண்ணாவின் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார், கால் உதைத்தது. உள்ளங்காலில் சாவியால் கீறினார்; கட்டைவிரல் மேலே போயிற்று. பிறகு கழுத்தைப் படம் எடுக்கச் சொன்னார்.

“நடக்க முடியலைன்னு வந்தா கழுத்தைப் படம் பிடிக்கறாரே!” என்றார் அண்ணா. “கால்தானேடா கீழே இருக்கு?”

படம் வந்த பிறகு, அண்ணாவை வெளியே மன்னியோடு உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னை உள்ளே வைத்துக்கொண்டார். நான் கல்லூரியில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன். கால் மணிக்கு மேல் ஆங்கிலத்தில் பேசினார். அவர் அவசரப்படவில்லை. ஒளிக்கவும் இல்லை. இதை இங்கே சொல்லியாக வேண்டும். தவறு முழுக்க அறைக்கு வெளியே வந்த பிறகு நடந்தது.

அவர் சொன்னது இது. பல வருஷம் சுமந்ததில் கழுத்தெலும்புகள் தேய்ந்து முள் விட்டிருக்கின்றன. உள்ளே போகும் தண்டுவடம் நசுங்குகிறது. இப்படியே விட்டால் படுக்கையில் விழுவார். பிடரியில் திறந்து எலும்பின் பின்பக்கத்தை எடுத்துவிட்டால் தண்டுவடத்துக்கு இடம் கிடைக்கும். இது மேலும் கெடாமல் நிறுத்துவதற்கு. போனது எல்லாம் திரும்பி வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. மயக்க மருந்தில் ஆபத்து உண்டு. ரத்தம் கட்டலாம். புண்ணில் சீழ் வைக்கலாம். தண்டுவடத்தைச் சுற்றிய சவ்வு கிழிந்து நீர் கசிந்தால் காய்ச்சல் மூளைவரை போகும். தண்டுவடத்துக்கே அடிபட்டால் கை கால் நான்கும் விழும், சிறுநீர் கட்டுப்படாது, உயிருக்கும் ஆபத்துதான். பிற்காலத்தில் கழுத்து முன்பக்கமாக வளைந்துவிடலாம்.

பிறகு ஒன்று சொன்னார். சிலருக்கு எல்லாம் நன்றாக முடிந்து, நோயாளி கண் விழித்துக் கையைக் காலை ஆட்டிவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத் திடீரென்று ஒரு தோள் தூக்க வராமல் போகும். யாருடைய தவறும் இல்லை. தண்டுவடம் பின்னால் நகரும்போது தோளுக்குப் போகும் நரம்பு இழுபடுவதாக நினைக்கிறோம். முழுக்க எங்களுக்கே தெரியாது. பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும். சிலருக்கு முழுதாகத் திரும்பாது.

கடைசியாக, இனிமேல் எந்தக் காலத்திலும் தோளிலோ தலையிலோ சுமை கூடாது என்றார். “இதை எல்லாம் அவரிடம் அவருடைய பாஷையில் சொல்லுங்கள். அவர் முடிவு செய்யட்டும்” என்றார்.

வெளியே வந்தேன். அண்ணா பெஞ்சில் இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னடா சொல்றார்?”

“பிடரியில கொஞ்சம் எலும்பை எடுத்து நரம்புக்கு இடம் பண்ணுவாளாம். ரெண்டு மூணு வாரத்துல ஆத்துக்கு வந்துடலாம்.”

“நடை?”

“கெடாம நின்னுடும்.”

“தோள் குடுக்கலாமா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. “முதல்ல உடம்பு தேறட்டும் அண்ணா. ஆறு மாசம் போகட்டும்னார்” என்றேன்.

மன்னி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இவ்ளோ நாழி பேசினாரே. இவ்ளோதான் சொன்னாரா?”

“எல்லாம் இங்கிலீஷ் வைத்திய வார்த்தை மன்னி. நமக்கு வேண்டியது இவ்ளோதான்.”

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல சமாதானங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம், நிறைந்திருக்கிறது என்போம். ஒரு காரியத்துக்குப் புறப்படும்போது கெட்டதை வாயால் சொன்னால் அதைக் கூப்பிட்டதாகும். அப்படிப்பட்ட வீட்டில் கை விழும், கால் விழும், உயிர் போகும் என்று எப்படி வரிசையாகச் சொல்வது? இது பாதி உண்மை. மீதி இது: சுமை கூடாது என்று தெரிந்தால் அண்ணா ஆபரேஷன் மேஜைமேல் ஏறவே மாட்டார் என்று நான் தீர்மானித்துவிட்டேன். அவரைவிட எனக்கு அவர் நல்லது தெரியும் என்று நினைத்தேன். நான் படித்தவன்.

மதராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒப்புதல் தாளில் ஆங்கிலத்தில் இருந்ததை அண்ணா படிக்கச் சொல்லவில்லை. “எங்கேடா போடணும்?” என்று மட்டும் கேட்டார். விரல் காட்டினேன். பேனா பிடிக்க வராமல், முதலெழுத்தை மூன்று தரம் எழுதினார்.

அறுவை நன்றாக முடிந்தது. மறுநாள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பாதத்தில் போர்வை படுவது தெரிகிறது என்றார். மன்னி வராந்தாவில் நின்று அழுதாள். நான் கணக்குச் சரியாக வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவருக்குத் தாகம். நர்ஸ் முந்தின நாளே சொல்லியிருந்தாள், கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, மரக்கட்டை மாதிரி மொத்தமாகப் புரட்ட வேண்டும் என்று. அந்த நேரத்தில் நர்ஸ் இல்லை. அண்ணா “கொஞ்சம் தூக்கேன், தொண்டை வரள்றது” என்றார். மன்னி வலது கக்கத்தில் மெதுவாகக் கை கொடுத்து, நான்கு விரற்கடை உயர்த்தி, டம்ளரை வாயில் வைத்தாள். நான் எதிரில் இருந்தேன். அவர் குடித்துவிட்டு அந்தக் கையாலேயே வாயைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்தேன். கை நன்றாக இருந்தது.

மத்தியானம் வலது கையைத் தூக்கப் பார்த்தார், வரவில்லை. விரல்கள் மூடித் திறந்தன. தோள் மட்டும் எழவில்லை.

“காலம்பற இவ தூக்கினாளே, அப்போவே சொடுக்குன்னுது” என்றார்.

நர்ஸ் வந்து மன்னியைப் பிடித்துக்கொண்டாள். “ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, கக்கத்துல கை குடுக்காதேன்னு? உங்களுக்கெல்லாம் சொன்னாக் காதுல ஏறாதா?”

சாயங்காலம் டாக்டர் வந்தார். தோளை அழுத்திப் பார்த்தார், தூக்கச் சொன்னார். என் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், “நான் உங்களிடம் முன்பே சொன்னேன் அல்லவா, அதுதான் இது. பொறுத்திருந்து பார்ப்போம்” என்றார். நான் தலையாட்டினேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

“என்ன சொல்றார்?” என்று கேட்டார் அண்ணா.

“சரியாயிடும்ங்கறார். நாளாகுமாம்.”

“இவ தூக்கினதாலதானே?”

மன்னி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள், கையில் காலி டம்ளரோடு. என்னைப் பார்த்தாள். டாக்டர் பத்தடி தூரத்தில் இருந்தார். இல்லை என்று நான் சொன்னால், அப்படியானால் எதனால் என்று அண்ணா கேட்பார். இது வரலாம் என்று டாக்டர் முன்பே சொன்னார் என்றால், வேறு என்னென்ன சொன்னார் என்று கேட்பார். நான் போர்வையைச் சரி செய்தேன்.

செய்தது அவ்வளவுதான். போர்வையைச் சரி செய்தேன்.

ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினோம். கால் நன்றாகத் தேறியது. சுவர் இல்லாமல் நடந்தார், விரலிலும் பிடி வந்தது. கை மட்டும் மார்புக்கு மேல் ஏறவில்லை. திருமண் இட்டுக்கொள்ள முழங்கையை யாராவது தாங்க வேண்டும். மன்னி தாங்க வந்தாள். “வேண்டாம். நீ தாங்கினது போதும்” என்றார். ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றி, முகத்தைக் கீழே கொண்டுவந்து இட்டுக்கொண்டார். தினமும் காலையில் இதை நான் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவேன்.

அவர் கொடுமைக்காரர் இல்லை. அடித்ததில்லை, கத்தியதில்லை. யாராவது கையைப் பற்றி விசாரித்தால், “ஆபரேஷன்லாம் நன்னாத்தான் ஆச்சு. மூணாம் நாள் இவ அவசரப்பட்டுத் தூக்கிட்டா. என்ன பண்றது, அவ என்ன வேணும்னா பண்ணினா?” என்பார். அந்தப் பெருந்தன்மைதான் எனக்குத் தாங்கவில்லை. கல்யாண வீட்டிலும் சீமந்தத்திலும் மன்னியைக் கண்டதும் அதுதான் பேச்சு. ஒருநாள் பெருமாள் வீதிக்கு வந்துகொண்டிருக்கும்போது, கோலத்தின் பக்கத்தில் நின்ற பக்கத்து வீட்டு மாமி சொன்னாள்:

“பெருமாளைத் தூக்கற தோளை நீ தூக்கிட்டியேடீம்மா!”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். மன்னி அதன்பின் புறப்பாட்டுக்கு வாசலுக்கு வருவதில்லை. உள்ளே கதவோரம் நின்று சேவிப்பாள்.

என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறாள். “நான் மெதுவாத்தானேடா தூக்கினேன்? நீ எதிர்லதானே இருந்தே? சொடுக்குன்னு உனக்குக் கேட்டுதா?”

“விடுங்கோ மன்னி. ஆனது ஆச்சு.”

“நீயும் அப்படித்தான் நினைக்கறியா?”

“யார் சொன்னா? விடுங்கோன்னுதானே சொல்றேன்.”

மூன்றாம் வருஷம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. இந்த நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. நான்காம் வருஷம் பெண் பிறந்தாள். மாமனார் வீட்டிலிருந்து குழந்தையை அழைத்துவந்த அன்று, ஆரத்தி எடுத்த பிறகு, குழந்தையை மன்னியிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையையும் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“நான் தூக்க மாட்டேன். கழுத்து நிக்காத குழந்தை. என் கை ஆகாது.”

என் மனைவி சிரித்துக்கொண்டு, “ஆத்துல எல்லாருக்கும் பண்ணிப்போடற கை, என்ன மன்னி இது?” என்றாள். மன்னி சிரிக்கவில்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தாள். குழந்தை என் கையில் நீட்டினபடியே இருந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அண்ணாவை அம்மா மண்டபம் படித்துறைக்கு அழைத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று கணக்குப் போடாமல் வரிசையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் என் முதுகில் இடது கையால் தட்டினார்.

“நீ நல்லவன்டா. அவளுக்காகப் பழியை நீ ஏத்துக்கறே.”

“இல்லை அண்ணா. நிஜமாவே டாக்டர் முன்னாடியே சொன்னார்.”

“சொல்லியிருந்தா நீ என்கிட்டே சொல்லாம இருந்திருப்பியா? எதுக்கு? நீ படிச்சவன்.”

எனக்கு ஆற்றில் குதித்துவிடலாம் போல இருந்தது. முழங்கால் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. பொய்யை ஒரே நொடியில் நம்பினவர், உண்மையைப் பிடிவாதமாகத் தள்ளினார். என்மேல் அவருக்கிருந்த நம்பிக்கையே என்னை மறித்துக்கொண்டு நின்றது.

டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்து டைப் அடித்த பதில் வந்தது. நோயாளியின் கை பலவீனம் யாரும் தூக்கியதால் வந்ததல்ல, அறுவைக்குப்பின் வரக்கூடிய அறியப்பட்ட ஒரு சிக்கல், அறுவைக்கு முன்பே உங்களிடம் இதை விளக்கியிருந்தேன், சுமை தூக்குவதை நிரந்தரமாக விலக்கும்படியும் சொன்னேன் என்று எழுதியிருந்தார். ஓடிப்போய் அண்ணாவிடம் படித்துக் காட்டினேன்.

“நீ படிக்கறதைத்தானே நான் கேக்கணும்?” என்றார், சிரித்துக்கொண்டே. “எனக்கென்ன தெரியும், அதுல என்ன இருக்குன்னு?”

தெருக்கோடியில் ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இருந்தார். எங்களுக்கு உறவில்லாதவர், யாருக்காகவும் எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்லாதவர். அவரைக் கூப்பிட்டு வந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தந்தி படிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் படித்து, பின் தமிழில் சொன்னார்.

“தூக்கினதால வரலைன்னு போட்டிருக்காருங்க சாமி. முன்னாலயே தம்பிகிட்ட சொல்லிட்டேன்னும் போட்டிருக்காரு. அப்புறம்… சுமை தூக்குறத நிரந்தரமா விட்ரணும்னு அப்பவே சொன்னேன்னு போட்டிருக்காரு.”

“திரும்பப் படியும்.”

படித்தார்.

அண்ணா என்னைப் பார்த்தார். “நிரந்தரமான்னா?”

“எப்பவுமேங்க” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

“நாலு வருஷமா,” என்றார் அண்ணா, “தோள் தேறினதும் போகணும்னு தினம் தைலம் தேச்சுண்டிருக்கேனேடா. ஆறு மாசம்னு சொன்னியே. என் இடத்துக்கு வேற ஆள் போடாதேள், வந்துடுவேன்னு போய்ச் சொல்லிண்டிருந்தேனே. அவா எல்லாரும் சிரிச்சிருப்பாளே.”

மன்னி உள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை. “அண்ணா, மன்னி…” என்று ஆரம்பித்தேன். “அதான் எழுதியிருக்காரே, அவ பண்ணலைன்னு. கேட்டாச்சு” என்று எழுந்து போய்விட்டார். நான்கு வருஷப் பழி அந்த அரை வாக்கியத்தில் முடிந்துபோயிற்று அவருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆத்திரப்பட எனக்கு என்ன யோக்கியதை என்பதும் கூடவே தெரிந்தது.

உள்ளே போனேன். “மன்னி, நான்…”

“கேட்டுண்டுதான் இருந்தேன்” என்றாள். அடுப்பில் எதையோ இறக்கினாள். “அவருக்குத் தெரியாது, சொன்னார். ஊருக்குத் தெரியாது, சொல்லித்து. உனக்குத் தெரிஞ்சிருந்தது.”

கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“அன்னிக்கு டாக்டர் என்னென்ன சொன்னார்? எல்லாத்தையும் எழுதிக் குடு. தமிழ்ல. ஒண்ணு விடாம.”

அன்று முழுக்க உட்கார்ந்து எழுதினேன். இந்தக் கட்டுரையில் முன்னால் எழுதியிருப்பது அன்று எழுதியதன் சுருக்கம்தான். மன்னி அதைச் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, விரலை வைத்துக்கொண்டு, மெல்ல வாசித்தாள். சவ்வு என்றால் என்ன, கழுத்து வளையும் என்றால் எத்தனை வருஷத்தில் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் தாளை மடித்தாள்.

“இதைக் கேட்டிருந்தா அவர் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பார்” என்றாள். “பத்து நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருப்பார். அப்புறம் நான் சம்மதிக்க வெச்சிருப்பேன். இந்தாத்துல எத்தனை காரியம் அப்படித்தானே நடந்திருக்கு? நீ என்னைக் கேட்டிருக்கலாம்.”

எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. வெளியே பெஞ்சில் அவளும்தான் உட்கார்ந்திருந்தாள். என் கணக்கில் அவள் இல்லை.

அதன்பின் நான் வீடு வீடாகப் போனேன். சித்திரை வீதி, உத்தர வீதி, மேலூரில் இருந்த உறவுக்காரர்கள் வரை. அப்பாவின் திவசத்தன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். பாதிப் பேர், “அதெல்லாம் எப்பவோ முடிஞ்ச கதை, இப்போ எதுக்கு?” என்றார்கள். மீதிப் பேர், “மன்னிக்கு இப்படி ஒரு மச்சினன் கிடைக்கணுமே” என்றார்கள். பக்கத்து வீட்டு மாமி மட்டும் மன்னியிடம் போய் ஏதோ சொன்னாள். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அண்ணா அதற்குப் பின் தண்டைப் பற்றிப் பேசவில்லை. மன்னி முழங்கையைத் தாங்க வந்தால் வேண்டாம் என்று சொல்வதையும் விட்டுவிட்டார். மன்னிப்பு என்று அவளிடம் ஒன்றும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

மன்னி என்னோடு சண்டை போடவில்லை. காபி கொடுத்தாள், இலை போட்டாள், என் பெண்ணைத் தன் மடியில் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அடுத்த வருஷம் அண்ணாவின் கழுத்து கொஞ்சம் முன்னால் சாய ஆரம்பித்தபோது, அந்த மதராஸ் டாக்டர் கண்டோன்மெண்டுக்கு வரும் சனிக்கிழமையை அவளே விசாரித்து வைத்திருந்தாள். நான் கல்லூரிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலையில் தயாராக இருந்தேன். வாசலில் ஸ்டேஷன் மாஸ்டர் குடையோடு நின்றிருந்தார்.

“இவர் வரார் எங்களோட” என்றாள் மன்னி.

நானும் போனேன். கிளினிக்கில் அவர்கள் மூன்று பேரும் உள்ளே போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அரை மணிக்கு மேல் ஆயிற்று. வெளியே வந்ததும், “என்ன மன்னி சொன்னார்?” என்று கேட்டேன்.

“எல்லாம் சொன்னார்” என்றாள். அண்ணாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். ஸ்டேஷன் மாஸ்டர் எனக்காகக் கொஞ்சம் தயங்கி, பிறகு குடையை விரித்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனார்.